நாற்பத்திரண்டு குண்டுகள்

எட்டு இருபது. இதுவும் எட்டு இருபதுதான். கெங்குசாமி மைக்ரோமீட்டரின் திருகைத் தளர்த்தி, அதன் வாயிலிருந்து செம்புநிறக் குண்டை எடுத்து வலப்பக்கத் தட்டில் வைத்தார். பதினொன்று முடிந்தது, இன்னும் முப்பத்தொன்று. மொத்தம் நாற்பத்திரண்டு என்று நேற்றே எண்ணியாகிவிட்டது. எண்ணுவதற்கு என்ன, எண்ணினால் ஒன்றும் தெரிந்துவிடாது, அந்தத் தைரியத்தில்தான் எண்ணினார். அளப்பது வேறு. அளந்தால் தெரிந்துவிடும். மூன்று வருஷமாக இந்த அட்டைப் பெட்டி பீரோவின் அடித்தட்டில், பழைய டைரிகளுக்குப் பின்னால் கிடந்தது. பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அங்கே அது இருக்கிறது என்று தெரியும், தெரியாத மாதிரி வேட்டியை மட்டும் உருவிக்கொண்டு படக்கென்று சாத்திவிடுவார். ஒரு மனுஷன் ஒரு அட்டைப் பெட்டிக்குப் பயப்படுவானா? பயப்படுவான். அதுவும் யார்? முப்பத்தொரு வருஷம் பம்ப் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் உட்கார்ந்து, கண்ணில் பட்டதையெல்லாம் அளந்தே தீருவேன் என்று நின்ற ஆள். மனைவி சுகுணாவுக்குக் கல்யாணத்துக்குப் போட்ட வளையலையே அளந்து, ரெண்டும் ஒரே கனம் இல்லை என்று ஆசாரியிடம் சண்டைக்குப் போனவர். அந்த ஆள் மூன்று வருஷம் அளக்காமல் இருந்திருக்கிறார். பன்னிரண்டாவதை எடுத்தார், துணியில் துடைத்தார், வாயில் கொடுத்துத் திருகினார். கிளிக், கிளிக், கிளிக். எட்டு இருபது. அப்பாடா என்றது உள்ளே என்னமோ. எதற்கு அப்பாடா? அட மடையா, இன்னும் முப்பது இருக்கிறது.

சிநேகிதன் மயில்சாமியும் அவன் மகள் கோகிலவாணியும் பன்னிரண்டரைக்கு வருகிறார்கள். இப்போது பத்தே முக்கால். கோகிலா புதிதாக, புதிது என்றால் யாரோ வைத்திருந்து விற்றதை, ஒரு ரைபிள் வாங்கியிருக்கிறாள். அடுத்த ஞாயிறு கிளப்பில் தேர்வு, அதில் தேறினால் மாநிலப் போட்டி. அந்த எட்டு எம்.எம். தோட்டா கடையில் சுலபத்தில் கிடைக்காது. சுட்டுப் போட்ட பித்தளைக் கூட்டை எடுத்துச் சுத்தம் பண்ணி, மறுபடி வெடிமருந்தும் குண்டும் வைத்து அடைக்க வேண்டும். கிளப்பில் அனுமதியோடு அதைச் செய்கிற கை இவர் கை ஒன்றுதான். கண் சரியில்லை அம்மிணி, கை நடுங்குது அம்மிணி என்று மூன்று மாசம் சாக்குச் சொல்லிப் பார்த்தார். போன ஞாயிறு அவளே வந்து நீலத் துணிப்பையில் அறுபது காலிக் கூடுகளைக் கொண்டு வந்து மேஜைமேல் வைத்துவிட்டாள். "நீங்க அடைக்காட்டி நான் போட்டிக்கே போகலீங் மாமா" என்றாள். என்ன சொல்ல முடியும்? எட்டு எம்.எம். என்பது வாய்க்கு ஒரே பேர், அந்தப் பேருக்குள் ரெண்டு சைஸ் இருக்கிறது. ரொம்பப் பழைய ரைபிள் என்றால் குண்டு எட்டு சைபர் எட்டு, அதாவது எட்டு எம்.எம்.முக்கு மேலே நூறில் எட்டு. பின்னால் வந்த ரைபிளுக்கு எட்டு இருபது. வித்தியாசம் ரெண்டு தலைமுடி கனம் இருக்கும், அதற்கு மேல் இல்லை. சின்னதைப் பெரிய குழாயில் விட்டால் குறி தப்பும், அவ்வளவுதான். பெரியதைச் சின்னக் குழாயில் விட்டால் என்ன ஆகும் என்று மயில்சாமியின் வலது கண்ணைத்தான் கேட்க வேண்டும். கேட்க முடியாது, அது இல்லை.

பதிமூன்று, எட்டு இருபது. பதினாலு, எட்டு இருபது. கோகிலாவின் ரைபிளுக்கு எட்டு இருபதுதான் வேண்டும் என்று முந்தாநாளே பார்த்தாகிவிட்டது. மெத்தென்ற ஈயக் கட்டியைக் குழாய்க்குள் எண்ணெய் விட்டுத் தள்ளி, மறுமுனையில் விழுந்ததை அளந்தார். மூன்று தடவை தள்ளி மூன்று தடவை அளந்தார். மூன்று வருஷத்துக்கு முன்னால் அன்றைக்கும் மூன்று தடவை அளந்தார்தானே? அதில் ஒரு தப்பும் இல்லை. மயில்சாமியின் அப்பா வால்பாறை எஸ்டேட் துரை ஒருத்தரிடம் வாங்கிய அந்தக் கிழட்டு ரைபிளுக்கு எட்டு சைபர் எட்டு என்று சரியாகத்தான் சொன்னார், சரியாகத்தான் டேப்பில் எழுதி ஒட்டினார். அதோடு வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்த்திருக்கலாம். இதே மேஜை, இதே பச்சைத் துணி. மயில்சாமி எதிரில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டு, "ரெண்டுக்கும் அப்பிடி என்னடா வித்தியாசம், காட்டு பார்ப்போம்" என்றான். மேஜைமேல் ஒரு நேரத்துக்கு ஒரு பெட்டிதான் இருக்க வேண்டும் என்பது இவரே வைத்த சட்டம். கம்பெனியில் இருபது பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்த சட்டம். அன்றைக்கு வித்தை காட்டுகிற ஆசையில் ரெண்டு பெட்டியையும் திறந்தார். இதில் ஐந்து, அதில் ஐந்து, துணியில் வரிசையாக நிறுத்தினார். "கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியாது, இதுக்கு மட்டுந்தான் தெரியும்" என்று மைக்ரோமீட்டரைத் தூக்கிக் காட்டினார். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? அப்போது பார்த்து சுகுணா காபி கொண்டு வந்தாள். டம்ளர் வைக்க இடம் வேண்டும். ஒரு ஐந்தை இப்படி ஒதுக்கி, ஒரு ஐந்தை அப்படி ஒதுக்கினார். காபி குடித்தார்கள். மயில்சாமி ஏதோ சொல்லிச் சிரித்தான். பிறகு ஒரு ஐந்தைத் திரும்பப் பெரிய குண்டுப் பெட்டியில் போட்டார், மற்ற ஐந்தைத் தோட்டாவில் அடைத்தார். எந்த ஐந்து?

அந்த ஐந்து எது என்பதுதான் மூன்று வருஷமாகச் சுற்றிச் சுற்றி வருகிறது. செக்குமாடாவது சாயங்காலம் அவிழ்த்துவிட்டால் போய்ப் படுக்கும். காபி டம்ளர் இடப்பக்கம் இருந்ததா, வலப்பக்கம் இருந்ததா? இடப்பக்கம் என்றால் சின்னது சுவர் ஓரம் போயிருக்கும், அப்படியானால் சரி. வலப்பக்கம் என்றால்... மயில்சாமி வலது கையால் கடலை எடுத்தான், அது நிச்சயம், அப்போது டம்ளர் எங்கே இருந்திருக்கும்? சில நாள் இடப்பக்கம் பளிச்சென்று தெரியும், ஆவி பறப்பதுகூடத் தெரியும். சில நாள் அதே ஆவி வலப்பக்கம் பறக்கும். ஆனால் ஒன்று மட்டும் மாறாது: அடைக்கும்போது குண்டு கூட்டின் வாய்க்குள் கொஞ்சம் இறுக்கமாகத்தான் போனது. கைக்குத் தெரிந்தது. கை சொன்னதை மண்டை கேட்கவில்லை, பேச்சு சுவாரஸ்யம். கைக்குத் தெரியாது என்று அப்போதுதானே வாய்கிழியச் சொல்லியிருந்தார், அப்புறம் கை எப்படிச் சொல்லும்? ஆனால் பித்தளைக் கூட்டில் பழைய கூடு சில இறுக்கமாக இருப்பதும் உண்டு, இல்லாமல் இல்லை. பதினெட்டு, எட்டு இருபது. பத்தொன்பது, எட்டு இருபது. இந்தப் பெட்டியில் இருக்கிற நாற்பத்திரண்டும் எட்டு இருபதாக இருந்துவிட்டால் போதும், திரும்பப் போட்டது பெரியதைத்தான், அடைத்தது சின்னதைத்தான், துப்பாக்கி பழசு, தன்மேல் ஒன்றும் இல்லை. ஐந்தே ஐந்து எட்டு சைபர் எட்டு இருந்தால், மயில்சாமியின் கண்ணைப் பிடுங்கியது இந்தக் கை. காரமடை ரங்கநாதா, இருபதாவதும் நல்லபடியாக இருக்கட்டும். இருந்தது.

"காபி வேணுங்களா?" என்று சமையலறையிலிருந்து சுகுணா கேட்டாள். வேண்டாம் என்றார். மூன்று வருஷமாக இவர் உட்கார்ந்து காபி குடிப்பதில்லை. சமையலறையில் நின்றுகொண்டே மடக் மடக்கென்று குடித்துவிட்டு டம்ளரைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்துவிடுகிறார். வயசாக வயசாக உங்களுக்குப் பைத்தியம் முத்துது என்று அவள் திட்டுவாள். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால், காபி கொண்டு வந்ததுதான் தப்பா என்று அவள் அழுவாள், அல்லது இத்தனை நாள் எப்படி என் பக்கத்தில் படுத்தீங்க என்று கேட்பாள். ரெண்டையும் தாங்க முடியாது. மூன்றாவது தோட்டாவில்தான் வெடித்தது. முதல் ரெண்டும் நடு வட்டத்தில் விழுந்தன. மயில்சாமி திரும்பி இவரைப் பார்த்து, "பாத்தியாடா, உங்கை போட்டதுடா" என்று சிரித்தான். ரெண்டு கண்ணாலும் சிரித்தான், அதுதான் கடைசி. அப்புறம் சத்தம், அது வேறு சத்தம், சத்தம் பின்பக்கமாக வந்தது. குழாயின் பின்வாயை அடைக்கிற போல்ட் பிளந்து மருந்து வேகம் முழுக்க முகத்துக்கு வந்துவிட்டது. விசாரித்தவர்கள் போல்ட்டில் பழைய விரிசல் இருந்தது என்று எழுதினார்கள். மிச்சம் ரெண்டு தோட்டா இவர் சட்டைப் பையில் இருந்தது, ஒருத்தரும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில் சிங்காநல்லூர் குளக்கரையில் ஸ்கூட்டரை நிறுத்தி ரெண்டையும் தண்ணீரில் எறிந்தார். அளந்து பார்த்துவிட்டு எறிந்திருக்கலாம். அளக்காமல் எறிந்தவன் நிரபராதியா? இன்ஸ்பெக்டர் கெங்குசாமி, முத்திரை நம்பர் பதினேழு, இந்த முத்திரை விழுந்த சரக்கு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. வராமல் என்ன, குளத்தில் கிடக்கிறது.

இருபத்தாறு, எட்டு இருபது. இருபத்தேழு. இடப்பக்கத் தட்டு காலியாகவே இருந்தது, சின்னது வந்தால் வைக்க என்று எடுத்து வைத்த எவர்சில்வர் தட்டு, அதில் ஃபேன் சுற்றுவது தெரிந்தது. வரட்டும் என்று காத்திருப்பது போல அது இருந்தது பிடிக்காமல் கவிழ்த்து வைத்தார், அது அதைவிட மோசமாக இருந்தது, மறுபடி நிமிர்த்தினார். கம்பெனியில் சொல்கிறவன் ஒருத்தன், எழுதுகிறவன் ஒருத்தன், ரெண்டு பேர் இருந்தால்தான் அளவு. சொன்னதை எழுதுகிறவன் திருப்பிச் சொல்ல வேண்டும். அன்றைக்கு இவரே சொன்னார், இவரே எழுதினார், இன்றைக்கும் அப்படித்தான். மயில்சாமி தண்ணீர் ஊற்றும்போது டம்ளருக்கு வெளியே ஊற்றுவான். இடப்பக்கம் வருகிறவர்களைத்தான் அடையாளம் தெரியும், வலப்பக்கம் சுவர் இருக்கிறதா லாரி வருகிறதா ஒன்றும் தெரியாது, தோளில் எப்போதும் காயம். அதனால் எங்கே போனாலும் கோகிலா அவன் வலப்பக்கம் நடப்பாள், வலப்பக்கம் உட்காருவாள். ஜில்லாவிலேயே முதல் ஆளாகச் சுட்டவன் இப்போது கிளப்புக்கு வந்து இடது கண்ணால் தூரக்கண்ணாடி பார்த்து மகளுக்கு மார்க் சொல்கிறான். ஒருநாள்கூட, ஒரே ஒருநாள்கூட, "நீ என்னடா போட்டே" என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை. கேட்டுச் செவிட்டில் ஒன்று வைத்திருந்தால் அன்றைக்கே தூங்கியிருப்பார். இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. முப்பது வரைக்கும் ஒன்றுமில்லை. முப்பதுக்கு ஒன்றுமில்லை என்றால் பன்னிரண்டில் மட்டும் எங்கிருந்து வரும்? மனசு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. இன்றைக்கு மயில்சாமி வந்தால் உட்கார்ந்து அவனோடு காபி குடிக்கலாம் என்றுகூடத் தோன்றிவிட்டது. சுகுணாவைக் கூப்பிட்டு டிகாக்‌ஷன் இருக்கா என்று கேட்கலாமா? முப்பத்தொன்று, எட்டு இருபது. முப்பத்திரண்டு, எட்டு இருபது. முப்பத்திமூன்றாவதைக் கொடுத்துத் திருகினார். நிற்க வேண்டிய இடத்தில் திருகு நிற்கவில்லை. விரல் தன்போக்கில் இன்னும் கொஞ்சம் போனது. கிளிக், கிளிக், கிளிக்.

அவர் கோட்டைப் பார்க்கவில்லை, பார்க்கத் தேவையில்லை. ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு அம்மா துணி உதறினாள், ஒரு புடவை, ஒரு புடவை, ஒரு துண்டு. அதை முழுக்கப் பார்த்துவிட்டுக் குனிந்தார். எட்டு சைபர் எட்டு. குண்டை எடுத்தார், மைக்ரோமீட்டரின் வாயைத் துடைத்தார், கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி கொடுத்தார், எட்டு சைபர் எட்டு. ஒன்றுதானே? கம்பெனிக்காரனே கலந்து போட்டிருக்கலாம், ஒன்று கலப்பது நடக்கிறதுதான், எத்தனை லாட்டில் பார்த்திருக்கிறார். முப்பத்திநாலு எட்டு இருபது, பார்த்தாயா. முப்பத்தைந்து, எட்டு சைபர் எட்டு. முப்பத்தாறு, எட்டு சைபர் எட்டு. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று எங்கிருந்தோ அந்தப் பழமொழி வந்து தொலைத்தது, ஐயோ, வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா இந்தப் பாழாய்ப் போன மனசுக்கு. முப்பத்தொன்பது. கடைசியில் நாற்பத்திரண்டு. எவர்சில்வர் தட்டில் ஐந்து நின்றன. ஆறு இல்லை, நாலு இல்லை. நாலாக இருந்திருந்தால் இன்னும் பத்து வருஷம் தர்க்கம் பண்ணிக்கொண்டே ஓட்டியிருக்கலாம். டம்ளர் வலப்பக்கம்தான் இருந்திருக்கிறது. அந்த ஐந்தையும் சின்னக் குண்டுப் பெட்டியில் போட்டு மூடிவிட்டால்? இப்போதே, இந்த நிமிஷமே? யார் கேட்கப் போகிறார்கள்? முப்பத்தேழு நல்ல குண்டு இருக்கிறது, கோகிலாவுக்குப் போதும், போட்டிக்குப் போவாள், ஜெயிப்பாள், மயில்சாமி மார்க் சொல்வான். கை மேஜை இழுப்பறையில் கிடந்த அந்தச் சின்னப் பெட்டி வரைக்கும் போனது. அதற்குள் கேட் சத்தம் கேட்டது.

"கெங்கு, இருக்கியாடா?" மயில்சாமி உள்ளே வந்தான், கோகிலா பிடிப்பதற்குள் வலது தோள் வாசல் நிலையில் இடித்தது. "பழகின ஊடுதான், இந்த நெலைக்கு என்மேல என்ன கோபமோ" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். கோகிலா ஸ்டூலை இழுத்து அவன் வலப்பக்கம் போட்டுக்கொண்டாள். நீலப் பை அவளுக்கு எதிரே மேஜை ஓரத்தில் இருந்தது. "முடிஞ்சுதுங்ளா மாமா?" என்றாள். கெங்குசாமி தட்டை நடுவில் தள்ளினார். அன்றைக்குக் கடலைத் தோல் கிடந்த இடம். "மயிலு, நாந்தாண்டா" என்றார். "என்னடா நீதான்?" "அன்னிக்கு உனக்குப் பெரிய குண்டப் போட்டு அடைச்சுட்டண்டா. ரெண்டு பொட்டியையும் தொறந்து வெச்சுக் காட்டுனனே, அப்ப மாறிப்போச்சு. உன் சைஸ் அஞ்சு இந்தப் பொட்டியில கெடக்குது. இப்பத்தான் அளந்தேன். துப்பாக்கி இல்லடா, நான்."

மயில்சாமி தட்டைப் பார்த்தான். ஒன்றை எடுத்து இடது கண்ணுக்குக் கிட்டே கொண்டு போய்ப் பார்த்தான், என்ன தெரியும், ஒன்றும் தெரியாது. திரும்ப வைக்கும்போது தட்டுக்கு வெளியே வைத்தான், அது உருண்டது, கோகிலா பிடித்தாள். "போடா பைத்தியக்காரா" என்றான். குரல் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. "போல்ட்டுல விரிசல்னு எழுதியே குடுத்துட்டாங்க. எங்கப்பாரு அதுக்கு எண்ணெ காட்டுனதே கெடையாது. எனக்குத் தெரியாதா?" "இல்லடா, நீ அளந்து பாரு." "நான் எங்கடா அந்தக் கோட்டப் பாக்கறது?"  பிறகு மயில்சாமி மேஜைமேல் கையை நீட்டித் தடவி இவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "மூணு வருசமா இத நெனச்சுட்டேதான் இப்பிடி எளைச்சுப்போனியாக்கு? விட்டுத்தள்ளு. நாப்பது வருசமா பாக்கறேன், உங்கை தப்பாதுடா. அது தப்பும்னா அப்பறம் எனக்கு எதுதாண்டா நெசம்? அம்மிணிக்கு நீதான் அடைக்கோணும், வேற எவன் கையையும் நான் நம்பறதில்ல."

கோகிலா தான் பிடித்த குண்டைத் துணியில் துடைத்து, மைக்ரோமீட்டரை எடுத்து, போன வருஷம் இவரே சொல்லிக் கொடுத்த மாதிரி உள்ளங்கையில் வைத்துத் திருகினாள். மூன்று கிளிக். கோட்டைப் பார்த்தாள், அப்பாவின் முகத்தில் தழும்பு இருக்கிற பக்கத்தைப் பார்த்தாள், பிறகு இவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் கெங்குசாமி பிழைத்துப்போயிருப்பார். கம்பெனியில் தேறாது என்று கழித்துச் சிவப்புப் பெயிண்ட் வைத்த பீஸை இவர் அப்படித்தான் பார்ப்பார், கோபமே இல்லாமல். குண்டைத் தட்டில் மற்ற நாலோடு வைத்தாள். "உங்கை தப்பாது, உங்கை தப்பாது" என்று மயில்சாமி இன்னும் அந்தக் கையை விடாமல் ஆட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு வலப்பக்கம், அவனுக்குத் தெரியாத பக்கம், கோகிலா நீலப் பையை மெல்ல மேஜையிலிருந்து எடுத்தாள். உள்ளே அறுபது பித்தளைக் கூடு, சத்தம் போடாமல் இருக்க அடியில் ஒரு கை கொடுத்துத் தூக்கி மடியில் வைத்து, துப்பட்டாவால் மூடினாள்.

"அப்ப எப்படா வாங்கிக்கறது?" என்று மயில்சாமி கேட்டான்.

கெங்குசாமி கோகிலாவைப் பார்த்தார். அவள் தலை குனிந்திருந்தாள்.

"வியாழக்கெழம வாடா" என்றார்.

மயில்சாமி திருப்தியாக எழுந்தான். கோகிலா பையை மார்போடு அணைத்துக்கொண்டு இன்னொரு கையால் அப்பாவின் வலது முழங்கையைப் பிடித்தாள். இந்தத் தடவை நிலையில் இடிக்காமல் கூட்டிக்கொண்டு போனாள்.